நார்வே துறைமுக ஊர்களை நடந்தே பார்ப்பது எப்படி? முதல்முறை கப்பல் பயணிகளுக்கு

நார்வேயின் மேற்குக் கரையில் பயணக் கப்பல்கள் நிற்கும் ஊர்களில் பலவும் கடலை நம்பிப் பிழைத்த ஊர்கள். மீன் வந்து இறங்கிய துறையை ஒட்டியே சந்தையும் கிடங்கும் தெருவும் வளர்ந்தன. அதனால் கப்பலை விட்டு இறங்கிச் சில நிமிடங்களிலேயே ஊரின் பழைய பகுதிக்கு வந்துவிடலாம். அப்படிப்பட்ட இடத்தில் பஸ் சுற்றுலாவுக்குப் பணம் கட்டி, ஜன்னல் வழியே பார்த்துவிட்டுத் திரும்புவது பெரிய இழப்பு என்பது என் உறுதியான எண்ணம். ஓரளவு நடக்க முடிந்தவர்கள் யாராக இருந்தாலும் கீழ்க்கண்ட வரிசையில் செய்து பாருங்கள்.

படி 1: கப்பல் எந்தத் துறையில் நிற்கும் என்று முந்தைய இரவே பாருங்கள்

ஒரே ஊரில் இரண்டு மூன்று துறைகள் இருக்கும். பெர்கனில் ஸ்கோல்டன் துறையில் நின்றால், கோட்டையைக் கடந்து பத்து நிமிடத்தில் பழைய வணிகத் துறையான பிரிகனுக்குப் போய்விடலாம். யெக்தவீகன் துறையில் நின்றால் சரக்குப் பகுதிக்குள் நடக்க அனுமதி இல்லை. வாயில் வரை விடும் பஸ்ஸில் ஏறித்தான் வெளியே வர வேண்டும். ஸ்டவாங்கரிலும் ஓலேசுண்டிலும் ஊர் நடுவிலேயே கப்பல் நிற்கும். துறையின் பெயரைத் தெரிந்துகொண்டு, ஊர் வரைபடத்தை இணையம் இல்லாமலே திறக்கும்படி கைபேசியில் இறக்கி வையுங்கள். கப்பல் நிற்கும் இடத்தில் ஒரு குறி போடுங்கள்.

படி 2: நேரத்தைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள்

கப்பல் புறப்படும் நேரமும், பயணிகள் ஏறி முடிக்க வேண்டிய நேரமும் வேறு வேறு. இரண்டாவதைத்தான் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அதிலிருந்து ஒரு மணி நேரத்தைக் கழியுங்கள். அதுதான் நீங்கள் துறையை நோக்கித் திரும்ப வேண்டிய நேரம். மாலை 4.30க்குள் ஏற வேண்டும் என்றால் 3.30க்குக் கால்கள் கப்பல் பக்கம் திரும்பிவிட வேண்டும். கோடையில் இந்த ஒழுங்கு மிகவும் அவசியம், ஏனென்றால் அங்கே பொழுது சாய்வதே தெரியாது. வடக்கே ட்ரோம்சோவில் மே மாதக் கடைசி வாரங்களிலிருந்து ஜூலை மூன்றாம் வாரம் வரை சூரியன் மறைவதே இல்லை. வெளிச்சத்தைப் பார்த்து நேரத்தை ஊகிக்காதீர்கள்.

படி 3: மழைக்கு உடுத்துங்கள்

பெர்கனில் ஆண்டுக்கு 200 நாட்களுக்கு மேல் மழை பெய்கிறது. கடற்காற்றில் குடை தாங்காது. தலையை மூடும் மழைச்சட்டையே சரி. உள்ளே கம்பளிச் சட்டை, காலில் வழுக்காத அடிப்பாகம் உள்ள காலணி. கல் பாவிய தெருவும் பலகைத் தரையும் நனைந்தால் நன்றாகவே வழுக்கும். நார்வே வானிலை நிறுவனமும் அந்நாட்டு ஒலிபரப்பு நிறுவனமும் சேர்ந்து நடத்தும் 'யூர்' என்ற இலவசச் செயலியில் மணிக்கு மணி மழைக் கணிப்பு கிடைக்கும். குழாய்த் தண்ணீர் குடிக்க ஏற்றது என்பதால் ஒரு காலிப் புட்டி போதும்.

படி 4: முதலில் மேலே ஏறுங்கள்

இதைத்தான் நான் எல்லோரிடமும் வலியுறுத்துவேன். மேலிருந்து ஒருமுறை பார்த்துவிட்டால் துறை எங்கே, தேவாலயம் எங்கே, கப்பல் எங்கே என்பது மனத்தில் பதிந்துவிடும். பிறகு தெருவில் வழி தவறினாலும் பதற்றம் வராது. சுற்றுலாக் குழுக்கள் வந்து சேர்வதற்குள் ஏறி இறங்கிவிடலாம் என்பது கூடுதல் நன்மை.

பெர்கனில் ஃபுளோயன் மலையின் பார்வை மேடை சுமார் 320 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1918 முதல் ஓடும் ஃபுளோய்பானன் இழுவை ரயில் சில நிமிடங்களில் மேலே கொண்டுபோய்விடும். ஏறுவதற்கு மட்டும் டிக்கெட் எடுங்கள். இறங்கும்போது காட்டுக்குள் வளைந்து வளைந்து வரும் பாதையில் முக்கால் மணி நேரம் நடந்தால் ஊருக்கே வந்துவிடலாம். பயணத்தில் மிக நல்ல நடை அதுவாகவே இருக்கக்கூடும்.

ஓலேசுண்டில் ஊர்ப் பூங்காவிலிருந்து ஆக்ஸ்லா குன்றுக்கு 418 படிகள். நின்று நின்று ஏறுங்கள். திரும்பிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் தீவுகள் இன்னும் கொஞ்சம் விரியும். 1904 ஜனவரி 23 அன்று தீப்பிடித்து ஊரின் நடுப்பகுதி எரிந்துபோனது. சுமார் 10,000 பேர் வீடிழந்தனர். அடுத்த சில ஆண்டுகளுக்குள் கல்லாலும் செங்கல்லாலும், கொடி, பூ போன்ற வளைவுகள் நிறைந்த, அந்தக் காலத்தில் புதிதாக இருந்த ஆர்ட் நூவோ பாணியில் முழுவதையும் திரும்பக் கட்டினார்கள். கூரை முனைகளும் சிறு கோபுரங்களும் ஒரே குடும்பச் சாயலில் தெரிவதற்குக் காரணம் அதுதான். இறங்கியதும் கால்வாய் ஓரமாகப் போய் வாசல்களின் மேல் செதுக்கியிருக்கும் கொடிகளையும் முகங்களையும் பாருங்கள்.

படி 5: முகப்போடு நிற்காமல் சந்துக்குள் போங்கள்

பிரிகனில் பலரும் தண்ணீரை நோக்கி நிற்கும் வண்ண வீடுகளைப் படமெடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்த வீடுகளுக்கு நடுவே இருக்கும் குறுகிய சந்துக்குள் நுழையுங்கள். காலடியில் பலகைத் தரை. இருபுறமும் மரச் சுவர்கள் லேசாகச் சாய்ந்து நிற்கும். தலைக்கு மேல் மாடி நடைகள் நீட்டிக்கொண்டிருக்கும். மூட்டைகளை மேலே இழுத்த ஏற்றங்கள் சில இடங்களில் அப்படியே இருக்கின்றன. ஹன்சா என்ற வணிகக் கூட்டமைப்பைச் சேர்ந்த ஜெர்மானிய வணிகர்கள் 14ஆம் நூற்றாண்டில் இங்கே வணிக நிலையம் அமைத்து, வடக்கிலிருந்து வந்த காய்ந்த காட் மீனை வாங்கித் தானியம் கொடுத்தார்கள். தீக்குப் பயந்து மரக் கட்டடங்களில் அடுப்பே மூட்டவில்லை; சமையலும் குளிர்காயலும் பின்னால் இருந்த தனிக்கூடங்களில்தான். அப்படியும் 1702இல் எல்லாம் எரிந்தது. பழைய அமைப்பிலேயே திரும்பக் கட்டியவற்றில் 62 கட்டடங்கள் எஞ்சியுள்ளன. 1979இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

ஸ்டவாங்கரின் பழைய பகுதியில் வெள்ளை மரவீடுகள் தெருத் தெருவாக நிற்கின்றன. அவற்றில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. வாசலில் இருக்கும் பூந்தொட்டிகளை ரசிக்கலாம். ஜன்னலுக்குள் எட்டிப் பார்ப்பதும் படியில் உட்கார்ந்து படமெடுப்பதும் வேண்டாம்.

படி 6: சாப்பாடு

நார்வேயில் விலை அதிகம். பெர்கன் மீன் சந்தையைச் சுற்றிப் பாருங்கள். வயிற்றுக்குப் பேக்கரியில் ஷில்லிங்ஸ்பொல்லே என்ற இலவங்கப்பட்டை ரொட்டி ஒன்று வாங்கினால் போதும். அநேகமாக எல்லா இடத்திலும் வங்கி அட்டை செல்லும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

படி 7: திரும்புதல்

கப்பலின் அடையாள அட்டை உள்சட்டைப் பையில் இருக்கட்டும். கப்பலில் தரும் அன்றைய நிகழ்ச்சித் தாளில், கரையில் கப்பல் நிறுவனத்தின் சார்பில் செயல்படும் துறைமுக முகவரின் தொலைபேசி எண் இருக்கும். அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கெய்ராங்கர் போன்ற ஊர்களில் கப்பல் நடுநீரில் நங்கூரமிட்டுச் சிறு படகில் கரைக்கு அனுப்புவதும் உண்டு. அங்கே கணக்கு கப்பலுக்கு இல்லை, கடைசிப் படகுக்குத்தான். அந்த நேரத்தில் வரிசை நீளும் என்பதால் அதற்கு இரண்டு படகு முன்னதாகவே கரைக்கு வந்துவிடுங்கள். மிச்ச நேரம் இருந்தால் கெய்ராங்கரில் அருவியை ஒட்டி ஏறும் 327 படிகளில் முதல் ஐம்பதை ஏறிப் பார்த்துவிட்டு வரலாம்.