சூப்பர்ஹீரோ படம் சலித்துவிட்டதா? ஆசை போகாமல் மீள ஒரு வழிமுறை

"சூப்பர்ஹீரோ படமே பிடிக்க மாட்டேங்குதுங்க" என்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: டிவியில் பழைய ஸ்பைடர்மேன் படம் ஓடினால் சேனலை மாற்றுவீர்களா? "அதெப்படிங்க மாத்த முடியும்" என்றால் அவருக்கு நாயகன் மேல் ஆசை அப்படியே இருக்கிறது. அவரைப் படுத்துவது படத்துக்கு முன்னால் செய்யவேண்டிய வீட்டுப்பாடம். மாற்றிவிடுவேன் என்றால் சலிப்பு வேறு வகை. அதற்கு மருந்தும் வேறு. ஆகவே எது எங்கே வலிக்கிறது என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுப்பாடச் சலிப்பு

பெரும்பாலோருக்கு இதுதான். கணக்குப் போட்டால் காரணம் தெரியும். 2008 'அயர்ன் மேன்' முதல் 2019 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' வரை, ஒன்றோடொன்று கதை பின்னிய மார்வெல் நிறுவனத்தின் சூப்பர்ஹீரோ வரிசையில் 22 படங்கள். ஓடும் நேரத்தைக் கூட்டினால் ஏறத்தாழ 48 மணி நேரம். பதினோரு ஆண்டில் பரவி வந்ததால் அது யாருக்கும் பாரமாகத் தெரியவில்லை. 2021 என்ற ஒரே ஆண்டில் வந்தவை நான்கு படங்கள், ஐந்து தொடர்கள். தொடர்களில் மட்டும் 36 எபிசோடுகள். திருப்பூரில் வாரம் ஆறு நாள் கம்பெனிக்குப் போய்விட்டு ஞாயிறு ஒரு நாள் மூச்சு விடுபவருக்கு இது பொழுதுபோக்காக இருக்க முடியாது. மார்வெலின் உரிமையாளரான டிஸ்னிக்கு அப்போது தலைவராக இருந்த பாப் ஐகரே 2024-இல் இதை ஒப்புக்கொண்டதுபோல, இனி ஆண்டுக்கு இரண்டு படம், மிஞ்சினால் மூன்று, தொடர்கள் இரண்டு அளவுக்குக் குறைப்போம் என்றார்.

செய்யவேண்டியது: புதுப் படம் வரும்போது அதற்கு முன்தேவை, அதாவது கதை புரிய முன்பே பார்த்திருக்க வேண்டிய படமும் தொடரும், எத்தனை என்று எண்ணுங்கள். ஒன்று என்றால் பார்க்கலாம். இரண்டு என்றால் யோசியுங்கள். மூன்று என்றால் விட்டுவிடுங்கள், ஓடிடியில் வரட்டும்.

2023-இல் வந்த 'தி மார்வெல்ஸ்' ஓடுவது 1 மணி 45 நிமிடம். மூன்று நாயகிகளையும் தெரிந்துகொள்ள 2019-இன் 'கேப்டன் மார்வெல்' படமும், 'வாண்டாவிஷன்', 'மிஸ் மார்வெல்' என்ற இரண்டு தொடர்களும் வேண்டும். அதாவது பத்து மணி நேரத்துக்கு மேல் முன்கூட்டியே பார்க்க வேண்டும். மார்வெல் வரிசையிலேயே மிகக் குறைவாக வசூலித்த படம் அதுவானதில் வியப்பில்லை. 2025-இன் 'கேப்டன் அமெரிக்கா: பிரேவ் நியூ வேர்ல்ட்' படத்திலும் இதே கதைதான்: எதிராளி 2008 ஹல்க் படத்திலிருந்து, கடலில் நிற்கும் பெரும் சிலை 'எடர்னல்ஸ்' படத்திலிருந்து, முதியவர் ஐசையா ஆறு எபிசோடுத் தொடரிலிருந்து.

முழுத் தொடரையும் பார்க்காமல் கடக்க வழி இருக்கிறது. 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்' இரண்டாம் பாகத்தை 'எண்ட்கேம்' முடித்த கையோடு பார்த்தால், நாயகர்கள் பக்கம் நல்லவளாக இருந்த வாண்டா ஏன் இப்படி ஆனாள் என்று குழம்புவீர்கள். அதற்கு 'வாண்டாவிஷன்' ஒன்பது எபிசோடும் தேவையில்லை. எட்டாவது அவள் துக்கத்தின் வேரைச் சொல்கிறது, ஒன்பதாவது அது எங்கே கொண்டுபோய் விட்டது என்று காட்டுகிறது. அந்த இரண்டு போதும். 'தண்டர்போல்ட்ஸ்' பார்க்க 'பிளாக் விடோ' ஒன்று போதும். மற்றவர்களைப் படமே அறிமுகப்படுத்திவிடும். 2025-இன் 'சூப்பர்மேன்', 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' இரண்டுக்கும் முன்தேவை பூஜ்யம். நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்ப வருபவர் இவற்றிலிருந்து தொடங்கலாம்.

இதில் தவறு நடக்கும் இடம் ஒன்று உண்டு: எழுத்து ஓடி முடிந்தபின் வரும் துண்டுக் காட்சி. அதுதான் அடுத்த கடனுக்கான கையெழுத்து. 2021 'எடர்னல்ஸ்' முடிவில் 'எண்ட்கேம்' எதிராளி தானோஸின் தம்பி என்று ஒருவரை இறக்கினார்கள். அடுத்து வந்த படங்களில் அவரைக் காணோம். 2023 'ஆன்ட்-மேன்' மூன்றாம் பாகத்தின் முடிவில் கேங் (Kang) என்ற எதிராளியின் நூற்றுக்கணக்கான பிரதிகள் கூடினார்கள். அந்த வேடத்தில் நடித்தவர் வழக்கில் குற்றவாளி எனத் தீர்ப்பாகி நீக்கப்பட, கதையே திசை மாறியது. துண்டுக் காட்சியை ரசியுங்கள். அதை நம்பி எதையும் பார்க்கவேண்டிய பட்டியலில் சேர்க்காதீர்கள்.

சாவுக்கு விலை இல்லாத சலிப்பு

இது ஆழமானது. யார் இறந்தாலும் வேறொரு பிரபஞ்சத்திலிருந்து இன்னொருவர் வந்துவிடுவார் என்று தெரிந்தபின் நெஞ்சு பதறுவதில்லை. வீரர் கதை நீளமாக இருப்பதால்தான் சலிக்கிறது என்று சொல்வதை ஏற்க முடியாது. கொங்கு ஊர்களில் அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பல இரவுகள் பாடுவார்கள்; கேட்கிறவருக்குக் கதை முழுதும் முன்பே தெரியும். படுகளத்தில் மாண்ட அண்ணன்மார் பொன்னரையும் சங்கரையும் தங்கை தங்காள் எழுப்புகிறாள். எழுந்தவர்கள் அவளோடு பேசிவிட்டுப் போய்விடுகிறார்கள், தங்குவதில்லை. உயிர் திரும்பியும் சாவின் கனம் குறையாதது அதனால்தான்.

இந்த வகைச் சலிப்புக்கு மருந்து, முடிவு உள்ள படங்களைத் தேடுவது. 2017-இன் 'லோகன்' 137 நிமிடம். வயதான, காயம் ஆறாத வுல்வரினின் கடைசிப் பயணம். 2022-இன் 'தி பேட்மேன்' ஏறத்தாழ மூன்று மணி நேரம், ஆனால் வேறு எதோடும் ஒட்டாத துப்பறியும் கதை. மாலையில் தொடங்கி ஒரே அமர்வில் பாருங்கள், துண்டு துண்டாகப் பார்த்தால் அதன் மழையும் இருட்டும் பிடிபடாது. 2018-இன் 'ஸ்பைடர்மேன்: இன்டூ தி ஸ்பைடர்-வெர்ஸ்' அனிமேஷனுக்கான ஆஸ்கர் பெற்றது, மல்டிவெர்ஸ் (பல பிரபஞ்சங்கள்) என்ற சொல்லே கசந்தவர்கள்கூட அதில் இளகிவிடுவார்கள். 2023-இல் வந்த அதன் தொடர்ச்சி பாதியில் நிற்கிறது. மூன்றாவது வரும்வரை அதைத் தள்ளிவைக்கலாம்.

நம் பக்கத்திலும் மருந்து இருக்கிறது. 2021-இன் மலையாள 'மின்னல் முரளி'யில் ஆபத்து ஒரே ஊருக்குத்தான். ஒரே மின்னல் நாயகனையும் எதிராளியையும் தாக்குகிறது. எதிராளியாக வரும் குரு சோமசுந்தரத்தின் வலி நாயகனின் வலியை விடப் பெரியது. தமிழில் 2023-இன் 'மாவீரன்', கேட்கும் குரலுக்குப் பயப்படும் ஒரு படக்கதை ஓவியனின் கதை. 2025-இன் 'லோகா' கள்ளியங்காட்டு நீலிக் கதையிலிருந்து ஒரு நாயகியை எடுத்தது. பாலக்காடு அருகிலேயே இருப்பதால் கோவையில் மலையாளப் படம் அரங்கில் கிடைப்பது கடினமில்லை. தமிழ் டப்பிங்குக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

கண் சலிப்பு

கடைசி முப்பது நிமிடச் சண்டையில் தூக்கம் வந்தால் கதையைக் குறை சொல்லும் முன் திரையைப் பாருங்கள். 2டி காட்சிக்குத் திரை வெளிச்சத்தின் தர அளவு 14 ஃபுட்-லாம்பெர்ட். 3டி கண்ணாடி வழியே கண்ணுக்கு வந்து சேர்வது பல அரங்குகளில் அதில் பாதியைக்கூட எட்டாது. மார்வெல் படங்களில் பெரும்பாலானவை 2டி-யில் எடுக்கப்பட்டுப் பின்னர் 3டி ஆக்கப்பட்டவை. இருட்டுக் காட்சியும் வேகமான வெட்டும் சேர்ந்தால் தலைவலிதான் மிச்சம். எனவே 2டி எடுங்கள். காசு கூடப் போட விரும்பினால் அதை ஐமேக்ஸ் என்ற பெருந்திரையில் போடுங்கள்: அதற்கென எடுத்த காட்சிகளில் சாதாரண அகலத்திரையை விட 26 சதவீதம் வரை படம் கூடுதலாகத் தெரியும். கோவையில் அவினாசி சாலை பிராட்வேயில் ஐமேக்ஸ் இருக்கிறது. பொள்ளாச்சியிலிருந்து 40 கிலோமீட்டர் வருவது வேறு, ஈரோட்டிலிருந்து 100 கிலோமீட்டர் வருவது வேறு. ஈரோட்டுக்காரர் ஆண்டுக்கு ஒரு படத்துக்கு மட்டும் இந்தப் பயணத்தை வைத்துக்கொள்வது நல்லது.

சண்டைக் காட்சியே அரைகுறையாகத் தெரிந்தால் அதற்கும் காரணம் உண்டு. கடைசி நேரம் வரை காட்சியை மாற்றிக்கொண்டே இருப்பதால் கிராஃபிக்ஸ் செய்பவர்களுக்கு நேரம் போதுவதில்லை. மார்வெலின் விஷுவல் எஃபெக்ட்ஸ் பணியாளர்கள் 2023-இல் வாக்கெடுத்துத் தொழிற்சங்கம் அமைத்தார்கள்.

எப்போது போவது

முதல் நாள் முதல் காட்சி என்ற பழக்கத்தை விடுங்கள், ஆனால் ரொம்பத் தள்ளிப்போடாதீர்கள். கோவையில் இரண்டாம் வாரமும் காட்சி கிடைக்கும். கரூர், பொள்ளாச்சி, கோபி போன்ற ஊர்களில் ஆங்கிலப் படத்தின் தமிழ் டப்பிங்குக்கு ஒன்றிரண்டு காட்சிதான் ஒதுக்குவார்கள். அடுத்த வெள்ளி பெரிய தமிழ்ப்படம் வந்தால் அதுவும் போய்விடும். சனி, ஞாயிறில் நம்பிக்கையான இரண்டு பேரிடம் கதை கேட்காமல் "எப்படி இருக்குதுங்க?" என்று மட்டும் கேளுங்கள். திங்கள் இரவு முடிவெடுத்து, செவ்வாய் அல்லது புதன் போய்விடுங்கள்.

டப்பிங் பற்றி ஒரு சொல். பெரியவர்கள், குழந்தைகளோடு போனால் தமிழ்தான் சரி. அம்மச்சியும் கூடவே சிரித்தால் அந்தப் படம் இரண்டு மடங்கு நன்றாக இருக்கும். ஆனால் ஒரு பாத்திரத்தைப் பல ஆண்டு ஒரே குரலில் கேட்டவருக்குக் குரல் மாறினால் உறவே அறுந்ததுபோல் இருக்கும். 'எண்ட்கேம்' தமிழில் அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதியும் பிளாக் விடோவுக்கு ஆண்ட்ரியாவும் குரல் கொடுத்தார்கள். இருவரும் திறமையானவர்கள், ஆனாலும் விடைபெறும் படத்தில் தெரிந்த முகத்திலிருந்து வேறொருவர் குரல் வந்தது ரசிகர்கள் பலருக்கு ஒட்டவில்லை. அப்படி உறுத்தினால் அந்தப் படத்தை மட்டும் வீட்டில் ஒருமுறை மூலக் குரலில் எழுத்தோடு பாருங்கள்.

படம் முடிந்து வெளியே வந்து காளான் கடையில் நிற்கும்போது என்ன பேசுகிறீர்கள் என்று கவனியுங்கள். பேச்சு முழுக்க அடுத்த படத்தில் யார் வருவார் என்பதாகவே இருந்தால் பார்த்த படம் உங்களுக்கு எதுவும் தரவில்லை. அடுத்த மூன்று மாதம் புதிதாக எதையும் தொடாதீர்கள். ஒரு காட்சியைத் திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள் என்றால் அந்த இயக்குநரின் பெயரைக் குறித்துவையுங்கள். இனி நாயகன் பெயரைப் பார்க்காமல் அந்தப் பெயரைப் பார்த்து டிக்கெட் எடுங்கள்.

2026 டிசம்பருக்கு அறிவித்திருக்கும் 'அவெஞ்சர்ஸ்: டூம்ஸ்டே'யில், அயர்ன் மேனாக நடித்த ராபர்ட் டவுனி ஜூனியர், டூம் என்ற எதிராளியாகத் திரும்புகிறார். 'எண்ட்கேம்' படத்தில் அயர்ன் மேன் டோனி ஸ்டார்க்கின் சாவுக்கு அழுதவருக்கு இதில் மகிழ்ச்சியும் வருத்தமும் சேர்ந்தே வரும், அது இயல்பு. அதற்காக எல்லாவற்றையும் மறுபடி பார்க்கத் தொடங்காதீர்கள். 'இன்ஃபினிட்டி வார்', 'எண்ட்கேம்', 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்', 'தண்டர்போல்ட்ஸ்' நான்கும் போதும், ஏறத்தாழ ஒன்பதரை மணி நேரம். வாரம் ஒன்றாக நான்கு ஞாயிறு. நடுவில் ஒரு ஞாயிறு கல்யாணமோ கிடாவெட்டோ வந்தால் போய்விட்டு வாருங்கள், படம் அடுத்த வாரம் இருக்கும்.