கோரி மீன் தொட்டி கழுவ வந்த ஆள் இல்லை

“கீழே விழுகிற அழுக்கையெல்லாம் இதுவே தின்றுவிடும் சார்” என்று சொல்லி, கடையில் ரெண்டே ரெண்டு கோரிடோரஸைக் (தொட்டியின் தரையில் திரியும் குட்டிக் கெளுத்தி மீன், சுருக்கமாகக் கோரி) கவரில் போட்டுக் கட்டித் தருவார்கள். தப்பு அங்கேயே ஆரம்பிக்கிறது.

கோரி கழிவைத் தின்னாது. மேலே திரியும் மீன்கள் எல்லாத் தீனியையும் காலி செய்துவிட்டால் அது பட்டினிதான். பக்கவாட்டில் எலும்புத் தகடு போர்த்தியிருப்பதால் இளைத்தது சட்டென்று தெரியாது. வயிறு உள்ளே ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். மூழ்கும் தீனியை விளக்கை அணைத்த பிறகு தனியாகப் போடுங்கள். ரெண்டு போதாது, ஒரே இனத்தில் குறைந்தது ஆறு வேண்டும். தனியாக விட்டால் செடிக்குப் பின்னால் பதுங்கியே கிடக்கும்.

அடுத்தது தரை. தென் அமெரிக்க ஆறுகளில் இது மணலில் மூக்கைப் புதைத்துத் தேடும், வாயில் போன மணல் செவுள் வழியாகப் புகை மாதிரி வெளியே வரும், அதைப் பார்ப்பதற்காகவே இந்த மீனை வளர்க்கலாம். நாமோ கலர் கிராவலைக் கொட்டி வைக்கிறோம். அது கூர்மையாக இருந்து, இடுக்கில் அழுக்கும் சேர்ந்தால் மீசை தேய்ந்து குட்டையாகிவிடும். நன்றாகக் கழுவிய மெல்லிய ஆற்று மணல் போதும். கடல் மணல் வேண்டாம், அதிலுள்ள சிப்பித்தூள் தண்ணீரைக் கடினமாக்கும்.

பலரும் வாங்குவது பாலியாட்டஸ் என்ற புள்ளி போட்ட கோரி இனம். பீகிள் கப்பல் பயணத்தில் டார்வின் சேகரித்து, 1842இல் இயற்கையியலாளர் ஜெனின்ஸ் பெயர் வைத்த மீன் (2024இல் இந்தப் பேரினத்தையே பல துண்டாகப் பிரித்ததில் இது இப்போது ஹோப்ளிசோமா, கடை லேபிளில் மாற எத்தனை வருஷமோ). அர்ஜென்டினா, உருகுவே பக்கத்துக் குளிர்ந்த நீர்க்காரன், 20 டிகிரியை ஒட்டி இருந்தால் சுகமாக இருக்கும். நம்மூர் மே மாதத்தில் அதைப் படுத்தாதீர்கள். ஸ்டெர்பாய் என்ற இன்னொரு கோரி இனம் 28 டிகிரி வரை தாங்கும்.

திடீரென்று மேலே பாய்ந்து காற்றை விழுங்கினால் பதறவும் வேண்டாம், குடல் வழியாகவும் அதற்கு ஆக்சிஜன் கிடைக்கிறது. ஓயாமல் அதையே செய்தால் மட்டும் தண்ணீரைச் சோதியுங்கள். மூடி வரை நீரை நிரப்பாமல் கொஞ்சம் இடைவெளி விடுங்கள்.

அப்புறம், வலையில் பிடிக்காதீர்கள். துடுப்பு முள்ளை விறைத்துப் பூட்டிக்கொள்ளும், வலையை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். விரலில் குத்தினால் நல்ல எரிச்சல். ஒரு பிளாஸ்டிக் டப்பாவைச் சாய்த்து மெல்ல ஒதுக்கினால் தானாக உள்ளே போய்விடும்.