ஏசி மாற்றும் நாளில் பக்கத்திலேயே இருங்கள்

சத்துவாச்சாரியில் இருந்துகொண்டு வேலூர், காட்பாடி, பாகாயம் பக்கமெல்லாம் ஏசி வேலை பார்க்கிறேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: கத்திரி வெயிலில் ஏசி மாற்றாதீர்கள். தை, மாசியிலேயே முடித்துவிடுங்கள். அப்போது மெக்கானிக்குக் கை ஓய்வாக இருக்கும், நிதானமாகப் பொருத்துவார். மே மாதத்தில் கூப்பிட்டால், அடுத்த வீட்டுக்காரர் போன்மேல் போன் போட்டுக்கொண்டிருக்கும்போது அவசர அவசரமாகத்தான் வேலை நடக்கும். ஏசி எத்தனை வருஷம் உழைக்கும் என்பது பெரும்பாலும் அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிவாகிவிடுகிறது.

அதற்கு முன்னால், மாற்றத்தான் வேண்டுமா என்று பாருங்கள். தொரப்பாடியில் ஒரு அம்மா, "தம்பி, வருஷா வருஷம் கேஸ் போடணும்தானே?" என்று கேட்டார். வேண்டியதே இல்லை. பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற பொருள் அல்ல அது. மூடிய பைப்புக்குள்ளேயே சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ லீக் என்று அர்த்தம். அவர் வீட்டு அவுட்டோரில் (வெளியே வைக்கும் பெட்டி) பைப் சேரும் நட்டில் சோப்பு நுரையைத் தடவிவிட்டுக் காத்திருந்தோம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் நட்டின் அடிப்பக்கத்தில் சின்னதாக ஒரு குமிழி எழும்பி உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று எழும்பியது. பைப் முனையை வெட்டிப் புதிதாக ஃப்ளேர் அடித்து (முனையைப் புனல் மாதிரி விரித்து), நட்டை மாற்றினோம். அந்த ஏசியை மாற்ற வேண்டிய அவசியமே வரவில்லை. லீக் எங்கே என்று காட்டாமல் கேஸ் மட்டும் போட்டுவிட்டுப் போகிறவருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

மாற்றவேண்டிய நிலை வேறு. இன்டோர் பெட்டிக்குள் கேஸ் ஓடும் குழாய்ச் சுருளான காயில் பல இடத்தில் அரித்துப் போயிருந்தால் (சாக்கடை வாயு செம்பை அரிக்கும், கால்வாய் ஓரத்து வீடுகளில் கவனம்), அல்லது பழைய ஆர்-22 கேஸ் ஏசியில் கம்பிரசரே போய்விட்டால், அதில் மேலும் செலவு செய்வது வீண்.

புதிது வாங்கும்போது, ஏசியின் டன் கணக்கு, அதாவது குளிர்விக்கும் திறன், வெளியே 35 டிகிரி வெயிலை வைத்துப் போடப்பட்டது என்பதை நினைவில் வையுங்கள். நம்மூரில் மே மாதம் 40-ஐத் தாண்டும். அப்போது அதே ஏசியின் குளிர்ச்சி குறையும். 120 சதுர அடி அறைக்குக் கீழ்த்தளத்தில் 1 டன் போதும். அதுவே மொட்டை மாடிக்கு நேர் கீழே, மேற்குச் சுவரோடு இருந்தால் 1.5 டன் போடுங்கள். தினமும் ராத்திரி முழுக்க ஓடுமென்றால் 5 ஸ்டார் இன்வெர்ட்டர் ஏசி வாங்குங்கள். வருஷத்தில் இரண்டு மாதம்தான் என்றால் 3 ஸ்டாரே தாராளம்.

பழையதைக் கழற்றும்போது கம்பிரசர் ஓடுகிற நிலையில் இருந்தால் பம்ப் டவுன் செய்யச் சொல்லுங்கள். கேஸ் முழுவதும் அவுட்டோருக்குள் அடைந்துவிடும். காற்றில் திறந்துவிட்டால் ஆர்-22 ஓசோனைக் கெடுக்கும். பழைய காப்பர் பைப்பையே வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். ஆர்-22 ஓடிய பைப்பில் பழைய ஆயில் ஒட்டியிருக்கும். புதிய ஆர்-32 ஏசியின் ஆயிலுக்கு அது ஒத்துவராது, அழுத்தமும் இதில் அதிகம். பைப்பைப் புதிதாகவே போடுங்கள்.

இப்போது முக்கியமான இடம். பைப் மாட்டியதும் உள்ளே இருக்கும் காற்றை பம்ப் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். இதை வேக்கம் என்போம். சிலர் பம்ப்பைக் கொண்டுவருவதே இல்லை. அவுட்டோர் கேஸைக் கொஞ்சம் திறந்து, அதன் வேகத்தில் காற்றை வெளியே தள்ளிவிட்டு "முடிஞ்சது சார்" என்பார்கள். ஈரம் உள்ளேயே தங்கிவிடும். ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி, நாளடைவில் கம்பிரசரைத் தின்றுவிடும். அதனால் அழுத்தம் காட்டும் கேஜைப் பாருங்கள். பம்ப் ஓட ஓட முள் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி மைனஸ் 30-ல் (பாதரச அங்குல அளவில்) நிற்கும். அதோடு விடாமல் அரை மணி நேரமாவது ஓடட்டும். பிறகு வால்வை மூடி, பம்ப்பை நிறுத்தி, கால் மணி நேரம் காத்திருங்கள். முள் அசையக் கூடாது. மேலே ஏறினால் எங்கோ லீக். அது சரியாகும்வரை கேஸைத் திறக்க விடாதீர்கள். ஆர்-32 தீப்பற்றக்கூடிய கேஸ், ஆகவே இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

1.5 டன்னுக்குத் தனி எம்.சி.பி. (மின்சாரம் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்), 4 சதுர மில்லிமீட்டர் காப்பர் ஒயர், சரியான எர்த் மூன்றும் வேண்டும். அவுட்டோருக்கு மேலே நிழல் இருக்கட்டும், ஆனால் சுற்றி அடைக்காதீர்கள். சூடான காற்று வெளியே போக வழி வேண்டும்.

பராமரிப்பு பெரும்பாலும் உங்கள் கையில்தான். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாய்த் தண்ணீரில் அலசி நிழலில் காயவைத்து மாட்டுங்கள். சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலை ஓரத்து வீடுகளுக்கு வாரம் ஒருமுறை. 24 டிகிரியில் வைத்து, மின்விசிறியை மெதுவாக ஓடவிடுங்கள். வருஷத்துக்கு இரண்டு முறை காயில் கழுவினால் போதும். ஆனால் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதில் கழுவ விடாதீர்கள். காயும்போது வெள்ளையாகப் படிந்து காயிலை அடைத்துவிடும். நல்ல தண்ணீர் இரண்டு குடம் எடுத்துக் கொடுங்கள்.

இன்டோரிலிருந்து தண்ணீர் சொட்டினால் உடனே பயப்படாதீர்கள். ஏசியை நிறுத்திவிட்டு தண்ணீர் வெளியேறும் ட்ரெயின் பைப்பின் வெளிமுனையைப் பாருங்கள். பெரும்பாலும் பாசி அடைத்திருக்கும், அல்லது பைப் எங்காவது மேலே வளைந்திருக்கும். பாசியை எடுத்துவிட்டு, பைப்பைச் சரிவாக இறக்கிக் கட்டினால் சொட்டுவது நின்றுவிடும். அப்படியும் நிற்காவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.