வெளிநாட்டில் இருந்தபடியே ஊர்ச் சொத்துக்குப் பவர் பத்திரம் அனுப்புவது எப்படி?

தமிழ்நாட்டில் எனக்குப் பாகமாக வந்த மனையை விற்க வேண்டியிருந்தபோது எனக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. அதனால் அண்ணனை முகவராக நியமித்துப் பொது அதிகார ஆவணம், அதாவது எல்லாரும் சொல்லும் ‘பவர் பத்திரம்’, எழுதி இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பினேன். தூதரகத்தில் அரை நாளில் முடிந்த வேலை அதற்கு முன்னும் பின்னும் சில வாரங்களை விழுங்கியது. இந்தியக் குடியுரிமை உள்ளவர்களுக்காக அந்த அனுபவத்தை எழுதுகிறேன்.

முதல் படி, வரைவு. மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்ட பிறகே ஆவண எழுத்தரிடம் வரைவு கேளுங்கள். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். அதிகார ஆவணத்துக்கு நீதிமன்றங்கள் எழுத்துக்கு எழுத்துதான் பொருள் கொள்ளும். ஆகவே விற்பது, விற்பனைத் தொகையைப் பெறுவது, பத்திரத்தைப் பதிவுக்குத் தாக்கல் செய்வது ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். ‘மற்றும் அனைத்துச் செயல்களும்’ என்ற ஒற்றை வரியை நம்ப வேண்டாம். அதேபோல், தேவையற்ற அதிகாரம் எதையும் கொடுக்க வேண்டாம். எனக்கு வந்த வரைவில் சொத்தை அடமானம் வைக்கும் அதிகாரமும் இருந்தது. அதை நீக்கச் சொன்னேன்.

வரைவைப் பிடிஎஃப் கோப்பாகவே அனுப்பச் சொல்லுங்கள். ஊரில் பலர் இன்னும் யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில் தட்டச்சு செய்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வேர்டு கோப்பைத் திறந்தால் புல எண்ணைத் தவிர வேறெதையும் படிக்க முடியாது. சான்றொப்பமிடும் அலுவலருக்குத் தமிழ் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க இயலாது என்பதால், ஆங்கிலத்தில் எழுதுவதே நல்லது என்பது என் கருத்து.

இரண்டாம் படி, பெயர். நான் தடுக்கி விழுந்த முதல் இடம் இதுதான். நம் வழக்கில் பெயருக்கு முன் தந்தையின் முதலெழுத்து நிற்கும்; கடவுச்சீட்டிலோ தந்தையின் முழுப்பெயர் குடும்பப்பெயருக்குரிய கட்டத்தில் ஏறிவிடும். ஊர்ப் பத்திரத்தில் ‘சு. குமார்’ என்று இருப்பவர் கடவுச்சீட்டில் ‘குமார் சுப்பிரமணியன்’ ஆகியிருப்பார். தூதரகத்தில் கடவுச்சீட்டைப் பார்ப்பார்கள், சார்பதிவாளர் அலுவலகத்தில் மூலப்பத்திரத்தைப் பார்ப்பார்கள். ஒரு பெயரை மட்டும் எழுதினால் இரண்டில் ஓரிடத்தில் கேள்வி எழும். நான் கடவுச்சீட்டுப் பெயரை மட்டும் எழுதியிருந்ததால், முன்பதிவு செய்த நாளைக் கைவிட்டு முழுப் பத்திரத்தையும் மீண்டும் அச்சிட நேர்ந்தது. முதல் பத்தியிலேயே ‘கடவுச்சீட்டில் இன்ன பெயராலும், இன்ன எண்ணுள்ள கிரயப் பத்திரத்தில் இன்ன பெயராலும் குறிப்பிடப்படும் ஒருவரே’ என்று எழுதிவிட்டால் சிக்கல் இல்லை. கடவுச்சீட்டு காலாவதியாகும் நிலையில் இருந்தால் முதலில் அதைப் புதுப்பித்துவிட்டு, புதிய எண்ணைப் பத்திரத்தில் குறிப்பிடுங்கள்.

மூன்றாம் படி, அச்சு. ஊரிலிருந்து முத்திரைத்தாள் வாங்கி வரவழைக்கத் தேவையில்லை. வெளிநாட்டில் கையெழுத்தாகும் ஆவணத்துக்கு அது இந்தியா வந்து சேர்ந்த பிறகு மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தலாம் என்று 1899ஆம் ஆண்டின் இந்திய முத்திரைச் சட்டத்தின் 18ஆவது பிரிவு இடமளிக்கிறது. நல்ல தடிமனான வெள்ளைத்தாளில், ஒரு பக்கம் மட்டும் அச்சிடுங்கள். உங்கள் புகைப்படத்தையும் முகவரின் புகைப்படத்தையும் ஒட்டுங்கள்.

நான்காம் படி, தூதரகம். வீட்டில் கையெழுத்திட்டுக் கொண்டு போகாதீர்கள். அலுவலர் முன்னிலையில் கையெழுத்திடுவதற்காகவே நீங்கள் நேரில் செல்கிறீர்கள். தூதரக அலுவலர்கள் உறுதிமொழி பெறவும் நோட்டரிக்குரிய பணிகளைச் செய்யவும் 1948ஆம் ஆண்டுச் சட்டமொன்று அதிகாரம் தந்திருக்கிறது. பதிவுச் சட்டத்தின் 33ஆவது பிரிவும், இந்தியாவுக்கு வெளியே வசிப்பவர் தரும் அதிகார ஆவணத்தை மெய்ப்பிக்கத் தக்கவர்களின் பட்டியலில் இந்தியக் கான்சலைச் சேர்த்திருக்கிறது. அசல் கடவுச்சீட்டு, அதன் நகல், வசிப்பிட அனுமதியின் நகல், முன்பதிவுச் சீட்டு ஆகியவை வேண்டும். சாட்சிகள் நேரில் வர வேண்டுமா என்பது தூதரகத்துக்குத் தூதரகம் மாறுவதால், அந்தந்தத் தூதரகத்தின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாப் பக்கத்திலும் கையெழுத்தும் முத்திரையும் விழுந்திருக்கின்றனவா என்று சாளரத்தை விட்டு நகருமுன் எண்ணிப் பாருங்கள்.

நீங்கள் வசிக்கும் நாட்டின் நோட்டரியிடம் கையெழுத்திட்டு அப்போஸ்டில், அதாவது ஆவணத்தைப் பிற நாடுகளும் ஏற்பதற்காக அந்நாட்டு அரசு தரும் சான்று, பெறுவது வேறொரு வழி. இதற்கு வழிசெய்யும் ஹேக் உடன்படிக்கை இந்தியாவுக்கு 2005 முதல் நடைமுறையில் உள்ளது. இருப்பினும் நான் தூதரகத்தையே பரிந்துரைப்பேன், ஏனெனில் ஊரில் அந்த முத்திரையைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்கிறார்கள். தூதரகச் சான்றொப்பத்துக்கு மேல் அப்போஸ்டிலும் வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்; தூதரக அலுவலர்கள் வழங்கும் ஆவணங்களுக்கு அந்த உடன்படிக்கை பொருந்தாது.

ஐந்தாம் படி, அனுப்புதல். முத்திரைத் தீர்வை செலுத்த மூன்று மாதக் கெடு என்று எல்லாரும் சொல்வார்கள், ஆனால் எந்த நாளிலிருந்து என்று சொல்ல மாட்டார்கள். கையெழுத்திட்ட நாளிலிருந்து அல்ல. ஆவணம் முதன்முதலாக இந்தியாவில் பெறப்பட்ட நாளிலிருந்தே கெடு தொடங்குகிறது. அந்த நாளைக் காட்டும் சான்று கூரியர் உறை. என் அண்ணன் பத்திரத்தைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு உறையைக் கிழித்து எறிந்துவிட்டார். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் உறை எங்கே என்று கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. என் மின்னஞ்சலில் கிடந்த பட்டுவாடா அறிவிப்பை அச்சிட்டுக் கொடுத்து ஒருவாறு சமாளித்தோம். ஆகவே உறையைக் கத்தரிக்கோலால் ஓரத்தில் மட்டும் வெட்டச் சொல்லுங்கள். சாதாரணத் தபாலை விட்டு, பின்தொடரும் வசதியுள்ள கூரியரில் அனுப்புங்கள்.

ஆறாம் படி முகவருடையது. அவர் ஆவணத்தையும் உறையையும் மாவட்டப் பதிவாளரிடம் கொடுத்து, ஊரில் ‘அட்ஜுடிகேஷன்’ என்று சொல்லப்படும் தீர்வை நிர்ணயத்தைப் பெற வேண்டும். தீர்வை செலுத்திச் சான்று பெற்ற பிறகே சார்பதிவாளரிடம் விற்பனைப் பத்திரத்தைக் கொண்டு செல்லலாம். மனை வாங்குபவர் பெயருக்குப் பவர் கொடுத்து அத்துடன் விற்பனை முடிந்ததாக எண்ணுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பவர் பத்திரத்தால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

பிற்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், விற்பனைப் பதிவன்று உயிர்வாழ் சான்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள் என்று எழுதியிருந்தார். அதிகாரம் கொடுத்தவர் இறந்தால் முகவரின் அதிகாரமும் பொதுவாக முடிந்துபோகும் என்பதால், அவர் உயிருடன் இருக்கிறார் என்பதற்கு அண்மைத் தேதியிட்ட சான்றைத் தமிழ்நாட்டுச் சார்பதிவாளர்கள் கேட்பதுண்டு. பவர் பத்திரத்துடன் சேர்த்து முன்கூட்டியே இதை வாங்கி வைத்தால் பழையதாகிவிடும். விற்பனை நாள் உறுதியான பிறகு, எந்த வடிவத்தில் வேண்டும் என்று அண்ணனை அந்த அலுவலகத்திலேயே கேட்கச் சொல்லி, அதற்கேற்பப் பெற்று அனுப்பினேன். அந்த உறையையும் பத்திரமாக வைக்கச் சொன்னேன். அதை யாரும் கேட்கவில்லை.