கடும் பனிப்பொழிவு நாள்களில் பயணத்தையும் அன்றாட வேலைகளையும் திட்டமிடுவது எப்படி?

தமிழில் பனி என்ற ஒரே சொல், புல்நுனியில் நிற்கும் துளிக்கும், விடியற்காலையில் சாலையை மறைக்கும் மூட்டத்துக்கும், வானிலிருந்து பஞ்சாக இறங்கும் பொழிவுக்கும், தரையில் கண்ணாடிபோல் உறைந்து கிடக்கும் கட்டிக்கும் சேர்த்தே வழங்குகிறது. பேச்சுக்கு இது போதும். வானிலை அறிவிப்பைப் பார்த்து வெளியே கிளம்பலாமா என்று முடிவு செய்ய வேண்டியவருக்குப் போதாது. எத்தனை சென்டிமீட்டர் விழும் என்பதையே எல்லோரும் முதலில் தேடுகிறார்கள். ஆனால் விழும்போதும் விழுந்து முடிந்த பின்னும் வெப்பநிலை எங்கே நிற்கும் என்பதுதான் அந்த நாளின் போக்கைத் தீர்மானிக்கிறது.

அறிவிப்பில் எதைப் பார்க்க வேண்டும்?

வெப்பநிலை 0 டிகிரியை ஒட்டி இருந்தால் விழுவது ஈரப்பனி. அது மரக்கிளைகளிலும் மின்கம்பிகளிலும் ஒட்டிக்கொண்டு கனத்து அவற்றை முறிக்கும் என்பதால், அத்தகைய நாளில் சாலையைவிட மின்சாரத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டும். வெப்பநிலை அதைவிட வெகுவாகக் கீழே இருந்தால் பனி உலர்ந்த பொடியாக விழும். காற்று அதை வாரிக்கொண்டுபோய் ஓரிடத்தில் முழங்கால் உயரத்துக்குக் குவித்து, மற்றோரிடத்தில் தரையே தெரியும்படி விட்டுவிடும். சாலைகளில் தூவும் சாதாரண உப்பு ஏறத்தாழ மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே அதிகம் பயன்படாது. ஆகவே கடுங்குளிரில் சாலையில் உப்பு போட்டிருக்கிறார்கள் என்று நம்பி வேகத்தைக் கூட்டக் கூடாது.

முதலில் மழை, பிறகு பனி என்று அறிவிப்பு வந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. 2022 ஜனவரி 3 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஐ-95 நெடுஞ்சாலையில் இதுதான் நடந்தது: பனிக்கு முன்னால் பெய்த மழை அடித்துச் சென்றுவிடும் என்பதால் உப்புக் கரைசலை முன்கூட்டித் தெளிக்க முடியவில்லை, பின்னர் பனி வேகமாகக் குவிந்தது, கனரக வாகனங்கள் வழுக்கிக் குறுக்கே நின்றன, ஏராளமானோர் இரவு முழுவதும் வாகனங்களிலேயே சிக்கிக்கொண்டனர். தரையைத் தொட்டவுடன் உறையும் மழை என்று அறிவிப்பு வந்தாலோ, தவிர்க்கவே முடியாத காரணம் இருந்தாலன்றி வெளியே செல்ல வேண்டாம். அந்த வழுவழுப்பில் ஓட்டும் திறமைக்கு மதிப்பே இல்லை.

வாகனத்தில் செல்ல நேர்ந்தால்

கண்ணாடியில் பார்வைக்கு ஒரு சிறு ஓட்டை மட்டும் சுரண்டிக்கொண்டு கிளம்புவது பலருடைய வழக்கம். அது போதாது. கூரையில் விட்டுவைத்த பனி, முதல் முறை பிரேக் பிடிக்கும்போது மொத்தமாக முன்கண்ணாடியில் சரியும். நெடுஞ்சாலையில் அது பின்னால் வருபவர்மீது பறந்து விழும். கண்ணாடியில் உறைந்ததைக் கரைக்கச் சுடுநீரை ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடலாம். சுரண்டியால் பொறுமையாகச் சுரண்டுவதே வழி.

சாதாரண டயரின் ரப்பர் ஏறத்தாழ 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்குகிறது. குளிர்கால டயர்கள் இளகிய ரப்பரால் செய்யப்படுவது இதனால்தான். எனினும் எந்த டயரும் உறைந்த தரையில் அற்புதம் செய்யாது. உலர்ந்த சாலையில் வண்டி நிற்கும் தூரத்தைப்போல் பத்து மடங்கு வரை அங்கே தேவைப்படலாம். நான்கு சக்கரங்களுக்கும் இழுவிசை செல்லும் வண்டி, கிளம்பவும் மேடு ஏறவும் உதவுமே தவிர நிற்பதற்கு உதவாது. பள்ளத்தில் இறங்கிக் கிடக்கும் வண்டிகளில் இந்த ரகம் குறைவாக இருப்பதில்லை. வண்டி வழுக்கினால் காலைப் பெடலிலிருந்து எடுத்துவிட்டு, போக வேண்டிய திசையைப் பார்த்துப் பதற்றமின்றி ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும். பாலங்களுக்கு மேலும் கீழும் குளிர்காற்று பாய்வதால் அவை சாலைக்கு முன்பே உறைந்துவிடும். ஈரம்போல் மினுக்கும் பாலத்தை ஈரம் என்று எண்ணாதீர்கள்.

எரிபொருள் தொட்டி எப்போதும் பாதிக்கு மேல் இருக்கட்டும். போர்வை, குடிநீர், டார்ச், கைப்பேசிக்கான மின்கலம், ஒரு சிறு மண்வாரி, சக்கரத்தின் கீழே தூவ ஒரு பை மணல் ஆகியவை வண்டியில் இருக்க வேண்டும்.

வழியில் சிக்கிக்கொண்டால், கண்ணுக்கு எட்டும் தூரத்தில் கட்டடம் இல்லாதபோது வண்டியை விட்டு நடக்கக் கூடாது. அடர்ந்த பனியில் இருபது அடி தள்ளிப் போனாலே திசை தவறும். தேடி வருபவர்களுக்கும் மனிதரைவிட வண்டியே எளிதில் தென்படும். வெளியே ஒரு வண்ணத் துணியைக் கட்டிவையுங்கள். சூட்டுக்காக மணிக்குச் சுமார் பத்து நிமிடம் மட்டும் எஞ்சினை ஓட்டலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் அதற்கு முன்னால் இறங்கிப் போய்ப் புகைக்குழாயின் வாயைப் பனி மூடவில்லை என்று கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். மூடியிருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கம் வருவதுபோல்தான் தொடங்கும். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மரீ மலைநகருக்குச் செல்லும் சாலைகளில் பனியில் சிக்கிய 20-க்கும் மேற்பட்டோர் தங்கள் வாகனங்களுக்குள்ளேயே உயிரிழந்தனர்.

பேருந்து, ரயில், விமானம்

பேருந்துகள் முதலில் மேட்டுத் தெருக்களைக் கைவிடும், ரயில்களுக்குத் தண்டவாளம் மாற்றும் அமைப்புகள் உறைந்து தடையாகும். விமானங்களைப் பொறுத்தவரை, ஓடுபாதையைச் சுத்தம் செய்த மறுநாளும் விமானமும் ஊழியர்களும் வேறு ஊர்களில் மாட்டிக்கொண்டிருப்பார்கள் என்பதால், பனி நின்றுவிட்டதே என்று நம்பி இணைப்புப் பயணத்தை நெருக்கமாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

வாசலில் பனி அள்ளுவது

10 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் கொண்ட வாசல்பாதையில் 20 சென்டிமீட்டர் பனி கிடந்தால் அது 6 கன மீட்டர். புதிதாக விழுந்த உலர்பனி கன மீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோ என்று கொண்டாலும் மொத்தம் 600 கிலோ; ஈரப்பனியானால் இது மூன்று மடங்காகும். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கியிருக்கும் நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு இதைத் தூக்கி எறிவதால்தான் ஒவ்வொரு குளிர்காலத்திலும் மாரடைப்புகள் நேர்கின்றன. இதய நோய் உள்ளவர்கள் மண்வாரியைத் தொடவே கூடாது. மற்றவர்கள், முழுவதும் விழட்டும் என்று காத்திராமல், இரண்டு மூன்று முறை சிறிது சிறிதாகத் தள்ளுவதே நல்லது. தூக்குவதைவிடத் தள்ளுவது மேல்.

வாசலைச் சுத்தமாக்கி நிமிரும்போது பனி அகற்றும் வண்டி வந்து, சாலையில் இருந்ததை எல்லாம் நம் வாசல்வாயில் ஓர் இறுகிய வரப்பாகப் போட்டுவிட்டுப் போகும். இந்த எரிச்சலைப் பாதியாகக் குறைக்க ஒரு வழி உண்டு. வண்டி எந்தத் திசையிலிருந்து வருமோ, அந்தப் பக்கத்தில் வாசலுக்குச் சற்று முன்பாகச் சாலையோரத்தில் ஒரு கார் அளவு இடத்தை வெறுமையாக்கி வைத்தால், தகட்டில் சேர்ந்து வரும் பனியில் பெரும்பகுதி அங்கேயே இறங்கிவிடும். அள்ளிய பனியைச் சாலையில் எறியாதீர்கள். தீயணைப்புக் குழாய் அருகில் இருந்தால் அதையும் தோண்டி வெளியே தெரியும்படி விடுங்கள்.

வீட்டுக்குள்

அன்றாடம் உட்கொள்ளும் மருந்து ஒரு வாரத்துக்குக் கையிருப்பில் இருக்கட்டும். கடைகளுக்குச் சரக்கு வராதது இரண்டாம் நாளில்தான் தெரியும். ஆம்புலன்ஸ் வழக்கமான நேரத்தில் வராது என்பதைக் கணக்கில் கொண்டு, தனியே வாழும் முதியவர்களிடம் காலையும் மாலையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எரிவாயு ஹீட்டரின் வெளிக்குழாய் பனிக்குவியலில் புதைந்தால் காரில் நேர்வதே வீட்டிலும் நேரும். ஜெனரேட்டரையோ கரி அடுப்பையோ எக்காரணம் கொண்டும் உள்ளே வைக்கக் கூடாது.

பனி நின்ற பிறகு

வானம் தெளிந்து வெயில் அடித்ததும் ஆபத்து விலகியதாகத் தோன்றும். ஆனால் பகலில் குவியல்களின் அடி உருகி, அந்த நீர் நடைபாதையில் பரவி, மாலையில் மெல்லிய கட்டியாக உறைகிறது; முந்தைய நாள் முழங்காலளவு பனியில் நடந்து வந்தவர்கள் மறுநாள் காலை இதில்தான் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொள்கிறார்கள். அடியைச் சிறிதாக வைத்து, பாதம் முழுவதும் தரையில் பதிய, உடலின் எடை முன்காலில் இருக்கும்படி நடக்க வேண்டும். கைகளைப் பையில் நுழைத்துக்கொண்டு நடக்கக் கூடாது. முதல் வெயில் வந்த அன்றே, இருட்டுவதற்கு முன், வீட்டெதிரே உள்ள வடிகால் வாயைத் தேடிப் பனியை விலக்கி வையுங்கள். உருகிய நீர் போக வழி இருந்தால், இரவில் உறைவதற்கு அங்கே அதிகம் மிஞ்சாது.