லிட்டர் பைக் வாங்கும் முன்: ஸ்போர்ட் டூரரா, சூப்பர் ஸ்போர்ட்டா?

லிட்டர் பைக் என்றால் ஏறக்குறைய 1000 சிசி எஞ்சின் கொண்ட வண்டி. கவாசாகி ஷோரூமில் நிஞ்ஜா 1100 எஸ்எக்ஸும் நிஞ்ஜா இஸட்எக்ஸ்-10ஆரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றால், புதிதாகப் பார்ப்பவருக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். இரண்டிலும் நான்கு சிலிண்டர், முழு ஃபேரிங் (வண்டியை மூடும் பிளாஸ்டிக் உறை), 17 அங்குலச் சக்கரம், பின்னால் 190 மி.மீ. அகல டயர். ஆனால் எஸ்எக்ஸ் ஸ்போர்ட் டூரர், நாள் முழுக்க ஓட்டுவதற்குச் செய்தது. 10ஆரோ சூப்பர் ஸ்போர்ட், ஜொனாதன் ரே 2015 முதல் 2020 வரை தொடர்ந்து ஆறு முறை உலக சூப்பர்பைக் பட்டம் வென்ற வண்டியின் சாலை வடிவம். இந்த ஜோடியை உதாரணமாக வைத்துச் சொல்வதெல்லாம் மற்ற கம்பெனிகளின் ஸ்போர்ட் டூரர், சூப்பர் ஸ்போர்ட் வண்டிகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

குதிரைத்திறனைப் பார்க்காதீர்கள், சுற்றைப் பாருங்கள்

எஸ்எக்ஸ் 1099 சிசி, எஞ்சின் நிமிடத்துக்கு 9,000 சுற்று ஓடும்போது 136 பி.எஸ். குதிரைத்திறன். 10ஆர் 998 சிசி, சுமார் 200 பி.எஸ்., அதுவும் 13,000 சுற்றுக்குப் பக்கத்தில். யூடியூப் பார்த்து முடிவெடுப்பவர்கள் இந்த 60 பி.எஸ். வித்தியாசத்தில்தான் மயங்குகிறார்கள். பார்க்க வேண்டியது டார்க் (எஞ்சினின் இழுவை) எந்தச் சுற்றில் உச்சத்துக்கு வருகிறது என்பதை. எஸ்எக்ஸில் 7,600 சுற்றில் 113 நியூட்டன் மீட்டர். 10ஆரிலும் கிட்டத்தட்ட அதே டார்க்தான், ஆனால் அது 11,400 சுற்றுக்குப் போன பிறகுதான் கிடைக்கும்.

ஆறாவது கியரில் 100 கி.மீ. வேகத்தில் போனால் இரண்டு எஞ்சினும் ஏறக்குறைய 4,000 சுற்றில் ஓடும். அந்த இடத்தில் எஸ்எக்ஸ் தன் டார்க் உச்சத்தின் பாதிவழியைத் தாண்டியிருக்கும். 10ஆர் மூன்றில் ஒரு பங்கில்தான் இருக்கும். முன்னால் போகும் அரசுப் பேருந்தை முந்த எஸ்எக்ஸில் கியரைத் தொடாமலே திராட்டிலைத் திருப்பினால் போதும். 10ஆரில் இரண்டு கியர் இறக்க வேண்டும். இறக்கிய பிறகு அது பாயும் வேகத்தில் எதிரே வரும் லாரி எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் முகத்துக்கு நேரே வந்துவிடும்.

இன்னொரு கணக்கு. நான்குவழி நெடுஞ்சாலையில் இரு சக்கர வாகனத்துக்கு மத்திய அரசு 2018-இல் வைத்த உச்ச வரம்பு 80 கி.மீ. அந்த 80-இல் 10ஆர் முதல் கியரிலேயே சுற்று மீட்டரின் பாதியில்தான் நிற்கும். மீதி ஐந்து கியருக்கும் கொடுத்த காசு சாலையில் சட்டப்படி வேலை செய்யாது.

பிரேக், டிராக்‌ஷன் கண்ட்ரோல், குயிக் ஷிஃப்டர், க்ரூஸ் கண்ட்ரோல் எல்லாம் இப்போது இரண்டிலும் இருக்கின்றன. அதை வைத்து ஒன்றைத் தள்ள வேண்டியதில்லை.

உட்கார்ந்து பார்க்கும் முறை

ஷோரூமில் இரண்டு நிமிடம் உட்கார்ந்தால் எல்லா வண்டியும் சுகமாகத்தான் இருக்கும். வண்டியைப் பேடாக் ஸ்டாண்டில் (பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் தாங்கி) நிறுத்தச் சொல்லுங்கள், அல்லது ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு இருபது நிமிடம் இறங்காமல் உட்காருங்கள். இது ஊழியருக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருக்கும். பல லட்சம் கொடுப்பவர் அதற்குக் கவலைப்படக் கூடாது.

ஐந்தாவது நிமிடத்தில் ஒரு சோதனை. கால்களை ஃபுட்பெக்கில் வைத்து, முட்டியால் டேங்கை இறுக்கி, இரண்டு கையையும் ஹேண்டிலிலிருந்து ஒரு விரற்கடை தூக்குங்கள். ஒரு நிமிடம் அப்படியே நிற்க முடிகிறதா? எஸ்எக்ஸில் பெரும்பாலோர் நின்றுவிடுவார்கள். 10ஆரில் கிளிப்-ஆன் (முன் ஃபோர்க்கில் தனித்தனியாகப் பொருத்திய இரண்டு கைப்பிடி) தாழ்வு, ஃபுட்பெக் உயரமாகப் பின்னால் தள்ளி இருக்கும், உடம்பு முன்னால் சாயும். அடிவயிறும் இடுப்பும் நடுங்க ஆரம்பித்தால், சாலையில் அந்த எடை முழுவதும் மணிக்கட்டில் இறங்கும் என்று பொருள். அரை மணியில் சுண்டுவிரல் மரத்துப்போவது அதனால்தான். கிளவ்ஸ் மாற்றினால் தீராது. வயிற்றுத் தசையை வளர்த்தால் ஓரளவு தீரும்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. சூப்பர் ஸ்போர்ட்டில் வேகமாகப் போகும்போது மார்பில் மோதும் காற்று உடம்பைத் தாங்கிப் பிடிக்கும், மணிக்கட்டு லேசாகும். அந்தத் தாங்கல் நூற்றைத் தாண்டிய பிறகுதான் ஒழுங்காகக் கிடைக்கும். கிண்டி கத்திப்பாராவில் முப்பதில் ஊரும்போது காற்றும் இல்லை, தாங்கலும் இல்லை. ஆக 10ஆர் அதிகம் வலிப்பது மெதுவாகப் போகும்போதுதான். டெஸ்ட் ரைடை ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஈசிஆரில் கேட்காதீர்கள். வெள்ளிக்கிழமை மாலை ஆறரைக்கு நகருக்குள் கேளுங்கள்.

உயரம் குறைந்தவர்கள் கவனிக்க: இருக்கை உயரம் இரண்டிலும் 83 சென்டிமீட்டரைச் சுற்றித்தான். ஆனால் எஸ்எக்ஸ் சுமார் 235 கிலோ, 10ஆர் 207 கிலோ. அபார்ட்மெண்ட் அடித்தளச் சரிவில் வண்டியைப் பின்னால் தள்ளும்போது இந்த 28 கிலோ நன்றாகத் தெரியும். மறுபக்கம், கிளிப்-ஆன் வண்டியில் ஹேண்டில் குறைவாகத்தான் திரும்பும். குறுகிய தெருவில் ஒரே மடக்கில் யூ-டர்ன் போட முயன்று, ஹேண்டிலுக்கும் டேங்குக்கும் நடுவே கட்டைவிரல் மாட்டி, நின்ற இடத்திலேயே வண்டியைக் கீழே போடுவது சூப்பர் ஸ்போர்ட்டில் மிகச் சாதாரணமாக நடக்கும் விபத்து.

போன வருடத்துக் கிலோமீட்டரை எழுதுங்கள்

இப்போது வைத்திருக்கும் வண்டியில் கடந்த பன்னிரண்டு மாதம் ஓடிய தூரத்தை நான்காகப் பிரியுங்கள்: நகருக்குள், நேர் நெடுஞ்சாலை, மலைப்பாதை, ரேஸ் டிராக். ஆசையை எழுதாதீர்கள், ஓடியதை எழுதுங்கள். டிராக் பூஜ்யம், நகரும் நெடுஞ்சாலையும் சேர்ந்து 80 சதவீதத்துக்கு மேல் என்றால் எஸ்எக்ஸ்தான்; யோசிக்கவே வேண்டாம்.

மலைப்பாதை என்றதும் சூப்பர் ஸ்போர்ட்தான் சரி என்று பலர் நினைக்கிறார்கள். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40. இவை முதல், இரண்டாம் கியரில் ஏறும் பாதைகள். நீளமான முதல் கியர் கொண்ட 10ஆரில் ஒவ்வொரு திருப்பத்திலும் கிளட்சை அரைப்பிடியில் வைத்தே ஏற வேண்டிவரும். இருபதாவது திருப்பத்தில் லீவர் பிடிக்கும் கை கதறும். அகலமான ஹேண்டில், தாழ்ந்த சுற்றில் இழுவை உள்ள எஸ்எக்ஸ் அங்கே வேகமாகவே ஏறும். சூப்பர் ஸ்போர்ட்டுக்குப் பிடித்த வளைவு மூன்றாவது நான்காவது கியரில் சாய்ந்து போகும் நீண்ட வளைவு. அது நம் மலைகளில் அபூர்வம். அப்படி ஒன்று கிடைத்தாலும் அடுத்த திருப்பத்தில் மண், டீசல் சிந்தல், மாடு, ஏதோ ஒன்று காத்திருக்கும்.

டிராக் கணக்கில் ஏதாவது எழுத முடிந்தால் பேச்சு மாறும். இருங்காட்டுக்கோட்டை டிராக் 3.7 கி.மீ., கோவை கரி ஸ்பீட்வே 2.1 கி.மீ. வருடத்தில் நான்கைந்து டிராக் நாளாவது போகிறவர் 10ஆர் வாங்கினால் அந்தப் பணம் வேலை செய்யும். ஆனால் டிராக் கற்றுக்கொள்ள 200 பி.எஸ். தேவையில்லை. 300, 400 சிசி ஸ்போர்ட் பைக்கில் கற்றவர்தான் பிறகு லிட்டர் வண்டியை ஒழுங்காக ஓட்டுகிறார். சிங்கப்பூரில் 200 சிசி வரை, 400 சிசி வரை, அதற்கு மேல் என்று படிப்படியாகத்தான் லைசென்ஸ் கொடுக்கிறார்கள். நம்மூரில் ஸ்ப்ளெண்டர் ஓட்டி எட்டுப் போட்டு வாங்கிய லைசென்ஸிலேயே 10ஆரும் ஓட்டலாம். அரசு போடாத அந்தப் படியை வாங்குபவரே போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

பின்னால் யார்?

மனைவியோ நண்பரோ மாதம் ஒருமுறையாவது பின்னால் வருவார் என்றால், முடிவெடுப்பதற்கு முன் அவரை ஷோரூமுக்கு அழைத்துப் போங்கள். 10ஆரில் பின்சீட் ஒரு சின்னத் திண்டு. கால் வைக்கும் இடம் உயரம், பிடித்துக்கொள்ள வசதி இல்லை. பிரேக் பிடித்தால் பின்னால் இருப்பவரின் முழு எடையும் ஓட்டுபவர் முதுகில், அங்கிருந்து மணிக்கட்டில். எஸ்எக்ஸில் பின்சஸ்பென்ஷன் ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங்கின் ஆரம்ப இறுக்கத்தை, கையால் திருகும் குமிழ் வெளியிலேயே இருக்கிறது. ஆள் ஏறினால் சில கிளிக் ஏற்றி, இறங்கியதும் பழைய இடத்துக்கே கொண்டுவரலாம். பக்கத்துக்கு 28 லிட்டர் பெட்டியும் மாட்டலாம். 10ஆரில் ப்ரீலோட் மாற்ற ஸ்பானர் வேண்டும். யாரும் வழியில் நின்று மாற்றுவதில்லை. மாற்றாமல் ஆள் ஏற்றினால் பின்பக்கம் அமிழ்ந்து, முன்சக்கரம் லேசாகி, வளைவில் வண்டி அகலமாக வெளியே ஓடும்.

சூடும் வேகத்தடையும்

மே மாதச் சென்னையில் சிக்னலில் நின்றால் இரண்டிலும் ஃபேன் ஓடும். சூப்பர் ஸ்போர்ட்டில் தொடையும் முட்டியும் எஞ்சினோடு ஒட்டிக் கிடப்பதால் சுடுவது அதிகம். நெரிசலில் வெப்பமானி ஏறிக்கொண்டே போனால், ஃபேன் ஓடவிட்டு ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள்.

அடிப்பகுதி ஃபேரிங் தட்டுவது இரண்டுக்கும் பொதுவான சாபம். வேகத்தடையில் நேராக ஏறாமல் கோணலாக ஏறுங்கள். ஆள் இருந்தால் இறக்கிவிடுங்கள். தினமும் போகும் தெருவில் பெரிய வேகத்தடை இருந்தால் அதன் மேல் டெஸ்ட் வண்டியை ஏற்றிப் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள்.

செலவு

350 சிசிக்கு மேற்பட்ட பைக்குக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 40 சதவீதம். அது ஷோரூம் விலையிலேயே இருக்கும். தமிழ்நாட்டில் அதன்மேல் ஆயுட்கால வரி 12 சதவீதம். 15 லட்ச ரூபாய் வண்டிக்கு வரி மட்டும் 1,80,000. அதற்கு மேல் இன்சூரன்ஸ்: முதல் மூன்று வருடமாவது ஜீரோ டிப்ரிசியேஷன் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தரும் வசதி) இல்லாமல் எடுக்காதீர்கள். நின்ற இடத்தில் ஒரு பக்கம் சாய்ந்தாலே ஃபேரிங், கண்ணாடி, லீவர், எஞ்சின் கவர் என்று பில் நீளும்.

மறந்துபோகும் செலவு டயர். ஸ்போர்ட் டூரிங் டயர் நடுவில் கடினக் கலவை, ஓரத்தில் மென்கலவை. நிதானமாக ஓட்டினால் பின்டயர் எட்டாயிரம், பத்தாயிரம் கி.மீ. வரும். சூப்பர் ஸ்போர்ட்டோடு வரும் டயர் முழுக்க மென்மையானது, நாலைந்தாயிரத்தில் தீரும். அதையும் நேர் நெடுஞ்சாலையிலேயே ஓட்டினால் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து தட்டையாகும். பிறகு வளைவில் சாய்க்கும்போது ஒரு விளிம்பைத் தாண்டுவது போல வண்டி வெடுக்கென்று விழும். மாற்றும்போது பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2324 என்றால் 2024-இன் 23-ஆவது வாரம். இரண்டு வருடத்துக்கு மேல் கடையில் கிடந்ததை வாங்க வேண்டாம்.

பெட்ரோல்: எஸ்எக்ஸ் 19 லிட்டர் டேங்க், 10ஆர் 17. சாதாரண ஓட்டத்தில் முதலாவது 300 கி.மீ.யை நெருங்கும், இரண்டாவது 220-ஐத் தாண்டினால் நல்லது.

பழைய வண்டி என்றால்

சூப்பர் ஸ்போர்ட்டைப் பழையதாக வாங்குவோர் ஸ்டியரிங் ஸ்டாப்பரை முதலில் பார்க்க வேண்டும். ஹேண்டிலை இருபக்கமும் முழுக்கத் திருப்பி, ஃப்ரேமில் மோதும் அந்தச் சின்ன முனையில் டார்ச் அடியுங்கள். நசுங்கியிருந்தால் அல்லது புதுப் பெயிண்ட் இருந்தால் வண்டி பலமாக விழுந்திருக்கிறது. ஆயில் வடிகால் போல்ட்டிலோ பிரேக் காலிப்பர் போல்ட்டிலோ கம்பி கட்டும் சிறு துளை இருந்தால் அது டிராக்கில் ஓடிய வண்டி. அதனால் மட்டும் ஒதுக்க வேண்டாம். நன்றாகப் பராமரித்தவர்களும் உண்டு, ஆனால் விலையைக் குறைத்துப் பேசலாம். ஸ்போர்ட் டூரரில் பார்க்க வேண்டியது பெட்டி மாட்டும் இடத்தில் விரிசல், செயின் ஸ்ப்ராக்கெட் பற்களின் வளைவு, பின் சஸ்பென்ஷனில் ஆயில் கசிவு.

ஹயபுசா எங்கே?

சுசுகி ஹயபுசா இந்த இரண்டு வகையில் எதில் வரும் என்று கேட்பார்கள். 1340 சிசி, 7,000 சுற்றில் 150 நியூட்டன் மீட்டர், 20 லிட்டர் டேங்க். இழுவையில் டூரர், கை வைக்கும் இடத்தில் ஸ்போர்ட், எடை 266 கிலோ. நேர் சாலையில் இரண்டையும்விடச் சுகம். மலையிலும் நெரிசலிலும் இரண்டையும்விடக் கஷ்டம். மணிக்கட்டுச் சோதனையில் தேறினால் மட்டும் யோசிக்கலாம்.

எடுத்த அன்று

எதை வாங்கினாலும் முதல் வாரத்தில் சேக் (ஆள் உட்காரும்போது பின்சஸ்பென்ஷன் அமிழும் அளவு) அளந்துவிடுங்கள். பின்சக்கரம் தொங்கும்படி தூக்கி, அச்சிலிருந்து சீட்டின் கீழ் ஒரு புள்ளிவரை அளந்து எழுதுங்கள். பிறகு ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் 30 முதல் 35 மி.மீ. இருக்க வேண்டும். அதிகம் என்றால் ப்ரீலோடை ஏற்றுங்கள், குறைவு என்றால் இறக்குங்கள். காற்று முன்னால் 36, பின்னால் 42 பி.எஸ்.ஐ., டயர் குளிர்ந்திருக்கும்போது. செயினுக்கு 600 கி.மீ.க்கு ஒருமுறை மசகு எண்ணெய். புது டயரின் மேல்தோல் வழுக்கும். முதல் 160 கி.மீ. வரை திராட்டிலையும் சாய்வையும் அடக்கி வைத்திருங்கள்.