முன்கைத் தசைகள்: கத்தி வைக்குமுன் செய்யும் தவறுகள்

கட்டைவிரல் நுனியைச் சுண்டுவிரல் நுனியோடு சேர்த்து, மணிக்கட்டைக் கொஞ்சம் உள்பக்கமாக மடக்கிப் பாருங்கள். நடுவில் கயிறு போல ஒன்று புடைத்து நின்றால், அது பால்மாரிஸ் லாங்கஸ் தசையின் நாண் (தசையை இழுபடும் இடத்தோடு இணைக்கும் கயிறு). ஒன்றும் எழவில்லையா? பயப்பட வேண்டாம். இந்தத் தசை இல்லாமலே பிறப்பவர்கள் நூற்றுக்குச் சுமார் 15 பேர் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும்; சீனர்களிடம் இப்படி இல்லாமல் போவது மிகக் குறைவு. ஒரு கையில் இருந்து, மறு கையில் இல்லாமலும் போகும். இல்லாவிட்டாலும் பிடியில் பெரிய குறை தெரியாது.

அதனால்தான் சர்ஜன்களுக்கு இதன்மேல் ஒரு கண். வேறு இடத்தில் நாண் அறுந்தால், இதை எடுத்து அங்கே வைத்துத் தைக்கலாம். தவறு நடப்பதும் இங்கேதான். இருக்கிறதா என்று முதலில் பார்க்காமலே நோயாளியை மேசையில் ஏற்றிவிடுகிறார்கள். மயக்கம் கொடுத்தபின் விரலை மடக்கச் சொல்ல முடியுமா? நாண் இல்லாத கையில் தோலைத் திறந்ததும் கிட்டத்தில் தென்படும் வெள்ளைக் கயிறு மீடியன் நரம்பு. அதையே நாண் என்று நினைத்து வெட்டி எடுத்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் எல்லாம் மரத்துப்போகும். கட்டைவிரலை மற்ற விரல்களுக்கு எதிரே கொண்டுவர முடியாது.

நாண் முத்துப்போல மினுமினுக்கும். நரம்பு மங்கலான மஞ்சள் நிறம், மேலே மெல்லிய ரத்தக்குழாய் ஓடும். நிறத்தை மட்டும் நம்பாமல் கீழ்நோக்கிப் பின்தொடருங்கள்: நாண் மணிக்கட்டுப் பட்டைக்கு மேலாகப் போய் உள்ளங்கைச் சவ்வில் சேரும், நரம்பு பட்டைக்கு அடியில் நுழையும். சந்தேகம் இருந்தால் வெட்டவே கூடாது. அதற்குப் பதிலாக எடுக்க, காலில் பிளாண்டாரிஸ் என்ற தசையின் நாண் இருக்கிறது. அதுவும் எல்லாருக்கும் இருக்காது என்பது தனிக்கதை.

சிலருக்கு இந்தப் பால்மாரிஸ் தசை தலைகீழாக இருக்கும்: நாண் மேலே முழங்கைப் பக்கம், சதை மணிக்கட்டருகே. வேலை செய்யச் செய்ய அங்கே வீங்கி, விரல்கள் மரக்கும். கட்டி என்று எண்ணி ஊசி குத்துமுன் ஒரு ஸ்கேன் எடுத்தால் தசை என்று தெரிந்துவிடும்.

அடுத்தது அவசரப் பிரிவில் நடப்பது. கண்ணாடி கிழித்த உள்ளங்கை. மற்ற விரல்களை நீட்டிப் பிடித்துக்கொண்டு சுண்டுவிரலை மடக்கச் சொல்கிறார் ஹவுஸ் சர்ஜன்; நடு மூட்டு மடங்கவில்லை. மேலோட்டமான மடக்கு நாண் (விரலின் நடு மூட்டை மடக்குவது) அறுந்துவிட்டது என்று எழுதிவிடுகிறார். ஆனால் பலருக்குச் சுண்டுவிரலின் அந்த நாண் மோதிரவிரல் நாணோடு ஒட்டியிருக்கும், சிலருக்குக் கிடையவே கிடையாது. மோதிரவிரலைப் பிடிக்காமல், அதுவும் சேர்ந்து மடங்கவிட்டு மறுபடி மடக்கச் சொல்லுங்கள். அப்புறம் அடிபடாத கையையும் பாருங்கள். அரை நிமிட வேலை. ஏனோ யாரும் செய்வதில்லை.

டி கெர்வைன் வலிக்கான (மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கத்து நாண்கள் உறைக்குள் இறுகுவதால் வரும் வலி) அறுவையில் வேறொரு பொறி. கட்டைவிரல் பக்கத்து உறையைத் திறந்ததும் நான்கைந்து நாண்கள் தெரியும்; எல்லாம் விடுபட்டாயிற்று என்று தோன்றும். அவை அத்தனையும் கட்டைவிரலை விலக்கும் தசையான அப்டக்டர் பொலிசிஸ் லாங்கஸின் பிரிவுகளாகவே இருக்கலாம். கட்டைவிரலை நிமிர்த்தும் எக்ஸ்டென்சர் பொலிசிஸ் பிரெவிஸ் நாண் பக்கத்திலேயே தனி உறைக்குள் இறுகிக் கிடக்கும். அதை விட்டுவைத்துத் தைத்தால் வலியும் அப்படியே நிற்கும். முன்பு போட்ட ஸ்டீராய்டு ஊசி பலிக்காததற்கும் பல நேரம் இந்த உறைதான் காரணம். ஒவ்வொரு நாணாக மெல்ல இழுத்துப் பாருங்கள்: எதை இழுத்தால் கட்டைவிரலின் அடி மூட்டு நிமிர்கிறதோ, அதுதான் பிரெவிஸ். அது கைக்குக் கிடைக்கும்வரை தையல் நூலைக் கேட்காதீர்கள்.